கையில் ஒரு லென்ஸுக்குத்தான் பணம்: ப்ரைமா, ஜூமா?

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் கொஞ்ச நாள் பழகியதும் அடுத்த லென்ஸ் மேல் கண் போகும். யூடியூப்பைத் திறந்தால் ஒருவர் "கண்ணை மூடிக்கொண்டு 50 வாங்குங்க" என்பார். இன்னொருவர் "18-135 ஒன்று போதும், எல்லாத்துக்கும் ஓட்டலாம்" என்பார். இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள் நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் நிறையப் பேர்.

கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவை மாட்டிக்கொண்டு புதுச்சேரி ஒயிட் டவுனுக்குக் கிளம்புபவர் ஒருவர். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் ஆரம்பித்து, இப்போது சின்னச் சின்ன ஆர்டர் பிடிக்கிறவர் மற்றவர். இந்த இருவருக்கும் ஒரே லென்ஸைச் சொன்னால் யாராவது ஒருவர் பணம் வீண்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ப்ரைம் லென்ஸில் எம்எம் அளவு ஒன்றுதான். 35 என்றால் 35, பெரிதாக வேண்டுமென்றால் நீங்கள்தான் கிட்டப் போக வேண்டும். ஜூம் லென்ஸில் வளையத்தைத் திருகினால் அந்த அளவு மாறும். எஃப் எண் என்பது லென்ஸின் வாய் (அபெர்ச்சர்) எவ்வளவு திறக்கும் என்பது; எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம். இங்கே சொல்லும் கணக்கெல்லாம் நம்மில் பெரும்பாலானோர் வைத்திருக்கும், 35 எம்எம் ஃபிலிமை விடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார் கேமராக்களுக்கு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது, படம் எடுக்கும் இடத்தில் உங்களால் நகர முடியுமா என்பது. இதைத்தான் கடைக்காரர் கேட்க மாட்டார், நாமும் யோசிக்க மாட்டோம். என் கணக்கில் பாதி முடிவு இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். வெளிச்சம் குறைவு என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தக் குறைந்த வெளிச்சத்தில் எதிரே இருப்பது அசைகிறதா, சும்மா நிற்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, அந்தக் கணம் திரும்ப வருமா என்பது. கதவும் சுவரும் நாளைக்கும் அங்கேயே இருக்கும். தாலி கட்டுவது ஒரு தடவைதான்.

அப்புறம் கடற்கரை ஊருக்கே உரிய மண், உப்புக் காற்று, ஈரம். கடைசியாகப் பணம், விலைச்சீட்டில் இருப்பதோடு, பின்னால் வரப்போகும் பணமும்.

கூர்மையை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஜூம் என்றாலே கூர்மை குறைவு என்பது பழைய பேச்சு. 35 எம்எம் ஃபிலிம் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ், ஃபாய்க்ட்லேண்டர் ஜூமார் 36-82, 1959-இல் வந்தது. அதன் பிறகு பல வருடங்களுக்கு அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. இன்றைய நல்ல எஃப் 2.8 ஜூமில் எடுத்த படத்தையும் ப்ரைமில் எடுத்த படத்தையும் ஆல்பம் அளவில் அச்சடித்து வைத்தால் உங்கள் மாமாவுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

## ப்ரைம் லென்ஸ்

ப்ரைமை வாங்குவது வெளிச்சத்துக்காக. கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு விடியும் முன்னே போயிருந்தால் இது சட்டென்று புரியும். ட்யூப்லைட் வெளிச்சம், ஈரத் தரை, கூடையைத் தூக்குகிற கை ஒரு நொடி நிற்காது. கிட் லென்ஸை 55-இல் வைத்தால் அபெர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்வை) 6400-க்கு ஏற்றியும் ஷட்டர் 1/60 நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏலம் கேட்கிற அம்மாவின் முகம் வந்துவிடும். மீனை எடுத்துக் காட்டுகிற கை இழுபட்டுவிடும். அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஷட்டரை 1/200-க்கு ஏற்றி, ஐஎஸ்ஓவை 2000-க்கு இறக்கலாம். கையும் நிற்கும், படத்தில் மணலைத் தூவினாற்போன்ற புள்ளியும் குறையும்.

இரண்டாவது லாபம், உருவம். 35 எஃப் 1.8 லென்ஸ் 200 கிராம்தான் இருக்கும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பெரிய லென்ஸை நீட்டினால் பழைய துணி விற்பவர் முதல் பூட்டு சாவி விற்பவர் வரை "எந்த டிவி சார்?" என்று கேட்பார்கள். சின்ன லென்ஸோடு போய், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால், அவர்கள் வேலையை அவர்கள் பார்ப்பார்கள்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். எல்லாரும் வாங்கச் சொல்வது 50 எம்எம். விலையும் அதுதான் குறைவு. ஆனால் ஏபிஎஸ்-சி கேமராவில் 50 என்பது ஃபிலிம் காலத்து 75 அல்லது 80-இன் பார்வையைத்தான் தரும். ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன் 1950-இல் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் 50 எம்எம்மோடு சுற்றியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள், சரிதான். அவர் பார்த்த அகலம் உங்கள் கேமராவில் வர வேண்டுமென்றால் நீங்கள் மாட்ட வேண்டியது 35. 50-ஐ வாங்கிவிட்டு "அவர் மாதிரி எடுக்கிறேன்" என்றால் கணக்கு இடிக்கும்.

இடக்கணக்கும் பார்த்துவிடுங்கள். நிற்கிற ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க 50-க்குச் சுமார் 15 அடி பின்னால் போக வேண்டும். 35-க்குப் பத்தடி. 24-க்கு ஏழடி. நம் வீட்டு ஹாலில் 15 அடி பின்னால் போனால் சமையல்கட்டுக்குள் நிற்போம். ஒயிட் டவுன் துய்மா வீதியில் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் 50-இல் ஒரு வீட்டின் முகப்பு முழுதாக வராது. கதவு வரும், ஜன்னல் வரும், காகிதப்பூக் கொடியின் ஒரு கிளை வரும். அதுவே போதும் என்பவருக்கு 50 அருமையான லென்ஸ். குழந்தை முகம், பாட்டியின் தோடு, நலங்கு வைத்த கை என்று நெருக்கமாக எடுப்பவருக்கும் அப்படித்தான். முதல் ப்ரைமாக வாங்குவதற்கு என் ஓட்டு 35-க்கு. இன்னும் அகலம் வேண்டுமானால் 24.

பின்னணி மங்குகிற அழகைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 50 எஃப் 1.8-ஐ முழுதாகத் திறந்து மூன்றடியில் முகத்தை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 2 செ.மீ.தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது போய்விடும். இருவரைச் சேர்த்து எடுக்கும்போது ஒருவர் அரையடி பின்னால் நின்றாலே அவர் முகம் மங்கிவிடும். அதனால் குடும்பப் படத்துக்கு எப்படியும் எஃப் 4, 5.6 என்று மூடித்தான் எடுப்பீர்கள். அப்போது 1.8-க்குக் கொடுத்த பணம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

## ஜூம் லென்ஸ்

ஜூமில் மூன்று ரகம். அவற்றை ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம்.

கேமராவோடு வரும் 18-55-ஐ யாரும் மதிப்பதில்லை. நான் மதிப்பேன். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் அதில் பெரும்பாலும் இருக்கும். மலிவான 50-இல் இருக்காது. இருட்டில் அசையாமல் இருப்பதை எடுக்க, உதாரணமாக மாலையில் பாரதி பூங்கா ஆயி மண்டபத்தை விளக்கொளியில் எடுக்க, 18-இல் வைத்துக் கையிலேயே 1/10 நொடி வரை இறங்கிப் பார்க்கலாம். ஆளோ வண்டியோ அசைந்தால் இந்த வித்தை பலிக்காது. கடற்கரைச் சாலையில் சூரிய உதயம், கடலூர் சில்வர் பீச்சில் கட்டுமரம், பிச்சாவரத்தில் படகில் இருந்தபடி எடுக்கும் காடு எல்லாமே எஃப் 8-இல் எடுப்பவை. அங்கே எஃப் 1.8-க்கு வேலையே இல்லை. படகில் முன்னே பின்னே நடக்கவும் முடியாது.

18-135, 18-200 போன்றவை ஊர் சுற்றுபவருக்கு வசதி. வெளிச்சம் போனால் கிட் லென்ஸின் கஷ்டம்தான் இதிலும். 18-55 ஏற்கெனவே கையில் இருக்கும்போது இதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தூரம்தான் பிரச்சினை என்றால் செகண்ட் ஹேண்டில் 55-250 மலிவாகக் கிடைக்கும். ஊசுட்டேரிப் பறவை பிடிக்கக் கிளம்புபவர்களுக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது. 300 எம்எம்முக்குக் கீழே எதை வாங்கினாலும் ஏக்கம்தான் மிஞ்சும்.

மூன்றாவது ரகம், எல்லா எம்எம்மிலும் எஃப் 2.8 திறக்கிற 17-50 வகை. சிக்மாவும் டாம்ரானும் பழைய டிஎஸ்எல்ஆர்களுக்குச் செய்தவை செகண்ட் ஹேண்டில் ஓடுகின்றன. சம்பாதிக்கிறவருக்கு உரிய லென்ஸ் இது. ஏன் என்று திருவந்திபுரத்தில் ஒரு முகூர்த்த நாளில் நின்று பார்த்தால் தெரியும்.

தேவநாத சுவாமி கோயிலை நம்பி அங்கே முகூர்த்த நாளில் அடுத்தடுத்துக் கல்யாணம் நடக்கும். ஒரு ஜோடி எழுந்திருக்க, அடுத்த ஜோடி காத்திருக்கும். உங்களுக்குக் கிடைப்பது ஆறடி ஏழடி தூரத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம். இடது தோளில் வீடியோக்காரர், வலது தோளில் மாப்பிள்ளையின் நண்பர் செல்போனைத் தூக்கிக்கொண்டு. மேளம் ஏறுகிறது. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிகிறார், பின்னால் நாத்தனார் முடிச்சுப் போட வருகிறாள், அட்சதை பறக்கிறது. அந்தத் தூரத்தில் 50 எம்எம்மில் வருவது மூன்றடி அகலம். பெண்ணின் கழுத்தும் மாப்பிள்ளையின் கையும் வரும். நாத்தனாரும் பெற்றவர்களும் படத்துக்கு வெளியே. 17-இல் ஒன்பதடி அகலம் வரும்: முழு மனையும், சுற்றி நிற்கிற குடும்பமும். அகலமாக ஒன்று, அடுத்த நொடியில் திருகி முடிச்சு மட்டும் ஒன்று. எல்லாம் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். லென்ஸ் கழற்றி மாட்ட நேரமே இல்லை.

அங்கே ஒரு தம்பி 50-ஐ மட்டும் நம்பி வந்திருந்தான். "அண்ணே, பின்னால போவ எடமே இல்ல, மால பாதில கட்டாவுது" என்றான். "கிட் லென்ஸ் கொண்டாந்தியா?" என்றேன். பையில் இருந்தது. மாட்டி, ஃபிளாஷையும் போடச் சொன்னேன். கல்யாணம் நன்றாகவே வந்தது.

மாசிமகத்துக்கும் இதுவே. சுற்று வட்டாரத்து உற்சவ மூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும்போதும், ஆடியில் வீராம்பட்டினம் தேர் ஓடும்போதும் கூட்டம் உங்களை நகர்த்துமே தவிர, நீங்களாக நகர முடியாது. தேர் முழுசாக ஒன்று, வடம் பிடிக்கிற கை ஒன்று என்று நின்ற இடத்திலிருந்தே எடுக்க ஜூம்தான்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

ப்ரைமின் மறைமுகச் செலவு, அடுத்த ப்ரைம். 35 வாங்கியவர் முகத்துக்கு 50 அல்லது 85 தேடுவார், அப்புறம் அகலத்துக்கு ஒன்று. மூன்றையும் கூட்டினால் ஒரு எஃப் 2.8 ஜூமின் விலையைத் தாண்டிவிடும். அதோடு அடிக்கடி லென்ஸ் மாற்ற வேண்டும். சில்வர் பீச்சில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எழும்பிய பிறகு லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் மண் நிச்சயம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் காருக்குள் போய் மாற்றுங்கள். கார் இல்லையா, காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாயைக் கீழே பார்க்க வைத்து மாற்றுங்கள்.

ஜூமின் செலவு வேறு மாதிரி. திருகும்போது முன்னால் நீள்கிற லென்ஸ் ஒவ்வொரு தடவையும் காற்றை உள்ளே இழுக்கும், அதோடு மணல் தூளையும் ஈரத்தையும். கடற்கரை ஊரில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பையிலேயே போட்டு வைத்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி படரும். கேனன் 50 எஃப் 1.8-இல் 6 கண்ணாடிகள். சிக்மா 17-50-இல் 17. எதைப் பிரித்துத் துடைப்பது எளிது என்று சொல்ல வேண்டியதில்லை. பல ஜூம்களுக்குப் பிரித்துத் துடைக்கிற கூலியே லென்ஸ் விலையில் பெரும் பங்கைக் கேட்கும்.

ஆகவே எதை வாங்கினாலும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் மூன்றுக்கும் பட்ஜெட்டில் இடம் வையுங்கள். மீட்டர் 40-50 சதவீதத்தில் நிற்க வேண்டும். ஜூமும் இரண்டு கேமரா பாடியும் வைத்துத் தொழில் செய்பவர் என்றால் ஈரப்பதத்தைத் தானே கட்டுக்குள் வைக்கிற ட்ரை கேபினெட்டே வாங்கிவிடலாம். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், கண்ணாடி வியர்க்கும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள்.

நிக்கான்காரர்களுக்குத் தனியாக ஒன்று. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. "மலிவா ஒரு 50 இருக்கு" என்று யாராவது பழைய 50 எஃப் 1.8டி-யைத் தந்தால் அதில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | 35 எஃப் 1.8 ப்ரைம் | 18-55 கிட் ஜூம் | 17-50 எஃப் 2.8 ஜூம் |
|---|---|---|---|
| நகர இடமில்லாத இடம் | திண்டாட்டம் | பரவாயில்லை | இதுதான் |
| இருட்டில் அசைகிற ஆள் | இதுதான் | கஷ்டம் | சமாளிக்கலாம் |
| இருட்டில் அசையாத பொருள் | நன்று | ஸ்டெபிலைசேஷன் இருந்தால் நன்று | நன்று |
| எடை | சுமார் 200 கிராம் | சுமார் 200 கிராம் | சுமார் 570 கிராம் |
| கடற்கரையில் பயம் | மாற்றும்போது மண் | நீளும்போது தூசி | நீளும்போது தூசி, துடைக்கும் கூலி |
| பின்னால் வரும் செலவு | அடுத்த ப்ரைம் | ஏதும் இல்லை | பெரிய ஃபில்டர், பராமரிப்பு |

2.8-க்கும் 1.8-க்கும் இடையே ஒன்றே கால் ஸ்டாப்புக்குச் சற்று மேல்தான் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). வெளிச்சத்தில் சுமார் இரண்டரை மடங்கு. "இதுதான்", "சமாளிக்கலாம்" என்று எழுதியிருப்பதன் இடைவெளி அவ்வளவே.

## அப்படியென்றால் யாருக்கு எது

ஞாயிற்றுக்கிழமை ஒயிட் டவுன்காரருக்கு 35 ப்ரைம். புஸ்ஸி வீதி மாதிரிக் கிழக்கு மேற்காகப் போகிற வீதிகளில் காலை வெயில் கடல் பக்கமிருந்து நேரே உள்ளே வரும். நடக்க இடம் உண்டு, அவசரமும் இல்லை. கிட் லென்ஸை விற்றுவிடாதீர்கள். அதற்குக் கிடைக்கும் விலையை விட அதன் பயன் பெரிது.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, அதற்காகத்தான் கேமரா என்றால் அங்கேயும் 35. குழந்தை ஒரு இடத்தில் நிற்காது; ட்யூப்லைட் வெளிச்சத்தில் கிட் லென்ஸ் திணறும்.

ஆர்டர் பிடிக்கிறவருக்கு 17-50 எஃப் 2.8, அதுவும் ப்ரைமுக்கு முன்னால். அது எட்டாத வரை கிட் லென்ஸும் ஒரு ஃபிளாஷும் போதும். 50-ஐ மட்டும் நம்பி முகூர்த்தத்துக்குப் போகாதீர்கள். ஜூம் வந்த பிறகு 50-ஐச் சேர்த்தால் மணப்பெண் அலங்காரத்துக்கும் வெளியே எடுக்கும் ஜோடிப் படத்துக்கும் கைகொடுக்கும். சோனி மிரர்லெஸ் வைத்திருப்பவருக்கு சிக்மா 18-50 எஃப் 2.8 வெறும் 290 கிராம்தான். அவர் எடையை நினைத்துத் தயங்க வேண்டாம். வீடியோதான் பெரும்பகுதி வேலை என்றாலும் ஜூமே, ஸ்டெபிலைசேஷன் உள்ளதாக.

இன்னும் இழுபறியா? செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கணினியில் இருக்கும் உங்கள் பழைய படங்களை எடுங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் எத்தனை எம்எம் என்று பதிவாகியிருக்கும். உங்களுக்குப் பிடித்த படங்களில் பெரும்பாலானவை 30-க்கும் 40-க்கும் நடுவில் விழுந்தால் 35 ப்ரைம் உங்களுக்கானது. 18-இலும் 55-இலும் மாறி மாறி விழுந்தால் ஜூம் ஆள் நீங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் கிட் லென்ஸை 35-இல் வைத்து, வளையம் நகராமல் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு ஞாயிறு சந்தை முழுக்க எடுத்துப் பாருங்கள். எரிச்சலோடு டேப்பைப் பிய்த்தீர்களா, மறந்தே போனீர்களா என்பது வீட்டுக்கு வரும்போது தெரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகும்போது செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கமாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. ஜூமைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தானாக நீள்கிறதா, வளையத்தைத் திருகும்போது மணல் நெரிகிற சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். உங்கள் சொந்தக் கேமராவில் மாட்டி, கிட்டேயும் தூரத்திலும் ஃபோகஸ் பிடிக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் விற்பவர் முகம் சுளித்தால் பணத்தை எடுக்காதீர்கள். 35-உம் 17-50-உம் செகண்ட் ஹேண்டில் வந்துகொண்டேதான் இருக்கும்.